திருட வேண்டியிராத பெட்டி: ஒரு ஜேம்ஸ் பாண்ட் படமும் ஜிபிஎஸ்ஸின் பலவீனமும்

விமானத்தின் ஜிபிஎஸ் குழம்பியது, கடலில் போன கப்பல் வரைபடத்தில் விமான நிலையத்தில் நின்றது என்று செய்தி வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் "இதைத்தான் பாண்ட் படத்துலயே காட்டிட்டாங்களே" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்வது 'டுமாரோ நெவர் டைஸ்'. 1997 டிசம்பரில் வந்த படம். ரோஜர் ஸ்பாட்டிஸ்வுட் இயக்கம், புரூஸ் ஃபியர்ஸ்டீன் எழுத்து, பியர்ஸ் பிராஸ்னன் பாண்ட், மிஷெல் யோ சீன உளவாளி. போன வாரம் நோட்டும் பேனாவுமாக அதை மறுபடி முழுசாகப் பார்த்தேன். சண்டைக் காட்சிகளைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. அந்த பைக் துரத்தல் இன்னிக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. என் புகார் ஜிபிஎஸ் பற்றியது. படம் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது, இன்னொன்றைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. தலைகீழாகப் பிடித்ததுதான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நம் மண்டையில் உட்கார்ந்திருக்கிறது.

கதையில் ஜிபிஎஸ் வரும் பகுதியை மட்டும் சொல்கிறேன். எலியட் கார்வர் ஒரு ஊடக முதலாளி. போர் வந்தால் செய்தி விற்கும் என்பது அவர் கணக்கு. அவருடைய ஆள் ஹென்றி குப்தா, அமெரிக்காவுக்குச் சொந்தமான ஜிபிஎஸ் என்கோடர் ஒன்றை ஆயுதச் சந்தையில் வாங்குகிறான். அந்தப் பெட்டியை வைத்து, கார்வரின் செயற்கைக்கோள் மூலமாகப் பொய் சிக்னல் அனுப்பி, தென்சீனக் கடலில் போய்க்கொண்டிருக்கும் எச்எம்எஸ் டெவன்ஷயர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைத் தடம் மாற்றுகிறார்கள். கப்பல் தான் சர்வதேசக் கடலில் இருப்பதாக நம்புகிறது. சீன மிக் விமானங்கள் எங்கள் எல்லைக்குள் வந்துவிட்டாய் என்று எச்சரிக்கின்றன. நடுவில் ரேடாரில் தெரியாத கார்வரின் கப்பல் டெவன்ஷயரை மூழ்கடித்து ஒரு மிக்கையும் வீழ்த்துகிறது. அடுத்த நாள் பத்திரிகை விற்கிறது.

முதலில் சரியாகப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். இடம் தவறினால் ஆள் சாவார்கள், நாடுகள் மோதும் என்பது கற்பனை இல்லை. 1983 செப்டம்பர் 1 அன்று கொரியன் ஏர்லைன்ஸின் 007ஆம் எண் விமானம் (ஆமாம், அந்த எண்தான்) வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். ஆட்டோபைலட் குறித்த பாதையைப் பின்பற்றும் நிலையில் இல்லாமல் வெறும் திசையைப் பிடித்துப் பறந்துகொண்டிருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் ஜிபிஎஸ் தயாரானதும் எல்லா நாட்டு விமானங்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று ரீகன் அரசு அறிவித்தது. ரீகன்தான் ஜிபிஎஸ்ஸைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார் என்று எழுதுவது கொஞ்சம் மிகை. பொதுமக்களுக்கான சிக்னல் வடிவமைப்பில் ஏற்கெனவே இருந்தது. ஆனா அந்த வாக்குறுதிக்கு உடனடிக் காரணம், கிட்டத்தட்ட டெவன்ஷயரின் கதையே. இடம் தெரியாமல் அடுத்தவன் எல்லைக்குள் போனவர்களின் கதை.

இனி அந்தப் பெட்டி.

படத்தின் தர்க்கம் பூட்டும் சாவியும் மாதிரி. ஜிபிஎஸ் ஒரு பத்திரமான பெட்டகம், அதைத் திறக்க ஒரு ரகசியக் கருவி உண்டு, கெட்டவன் கையில் கருவி சிக்கினால் ஆபத்து, நல்லவன் அதை மீட்டால் ஆபத்து தீர்ந்தது. பாண்ட் ஹாம்பர்க்கில் போய் அந்தப் பெட்டியை எடுத்து வருவதற்குத்தான் படத்தில் அவ்வளவு நேரம் போகிறது. இந்தத் தர்க்கத்தில்தான் கோளாறு.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. பொதுமக்களுக்கான முக்கிய சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அனுப்பும் சக்தி ஒரு பழைய குண்டு பல்பு எரியும் அளவுதான், சில பத்து வாட். அது பூமிக்கு வந்து சேரும்போது, நம் ஆன்டெனாவில் விழுவது ஒரு வாட்டில் பத்தாயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ரிசீவரின் உள்ளே சூட்டினால் உண்டாகும் இரைச்சலே அதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். அப்புறம் எப்படிக் கேட்கிறது? ஒவ்வொரு செயற்கைக்கோளும் 1,023 துணுக்குகள் கொண்ட தனக்கென ஒரு கோவையைத் திரும்பத் திரும்ப, மில்லி செகண்டுக்கு ஒருமுறை, அனுப்புகிறது. ரிசீவரிடம் அதே கோவையின் நகல் இருக்கிறது. கேட்கும் இரைச்சலின் மேல் அந்த நகலை நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்த்தால், சரியாகப் பொருந்தும் இடத்தில் மட்டும் சிக்னல் தலைதூக்கும். திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் பேர் சத்தத்துக்கு நடுவே தன் அம்மா குரலைக் குழந்தை பிரித்துக் கேட்கிற மாதிரி. அழகான ஏற்பாடு, சந்தேகமே இல்லை.

ஆனா அந்தக் கோவைகள் ரகசியம் இல்லை. ரிசீவர் தயாரிப்பவர்கள் எல்லோரும் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக, அமெரிக்க அரசே அதன் முழு விவரத்தையும் ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதே கோவையை உற்பத்தி செய்யலாம். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. இன்ன செயற்கைக்கோளின் குரலில் பேசினால் ரிசீவர் அதை இன்ன செயற்கைக்கோள் என்றே எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று பேசுபவன் 20,000 கிலோமீட்டர் தாண்டிப் பேசுபவனைவிடச் சத்தமாகத்தானே கேட்பான்? பத்து கிலோமீட்டர் தூரத்தில் தடையில்லாமல் நிற்கும் ஒரு வாட் கருவிகூட உண்மையான சிக்னலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பலமாக வந்து விழும். இதற்குக் கார்வரின் செயற்கைக்கோளும் தேவையில்லை, ஆயுதச் சந்தைக்குப் போய்ப் பெட்டி வாங்கவும் தேவையில்லை.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. போர்க்கப்பல் பயன்படுத்துவது பொதுமக்கள் சிக்னலை அல்ல, மறையாக்கம் செய்யப்பட்ட ராணுவ சிக்னலை. அதைப் பொய்யாக உருவாக்க வேண்டுமானால் சாவி வேண்டும், அதனால்தான் கதையில் என்கோடர். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஃபியர்ஸ்டீன் ஒன்றும் தெரியாமல் எழுதவில்லை. ஆனா அந்த விதிவிலக்கை மட்டும் காட்டிவிட்டு, பூட்டே இல்லாத வீடுகளில் குடியிருக்கும் மற்ற எல்லோரையும் (சரக்குக் கப்பல், பயணிகள் விமானம், மீன்பிடிப் படகு, செல்போன் கோபுரம்) படம் மறந்துவிட்டது. பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் மனதில் தங்கியது, ஜிபிஎஸ்ஸை ஏமாற்றுவது ராணுவ ரகசியம் கையில் இருப்பவனால்தான் முடியும் என்பது.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. ஹென்றி குப்தாவாக நடித்தவர் ரிக்கி ஜே. பெயரைப் பார்த்து நம்ம ஊர் ஆள் என்று நினைத்துவிட வேண்டாம், அவர் அமெரிக்கர், சீட்டுக்கட்டு வித்தையில் உலகப் புகழ் பெற்ற மேஜிக் கலைஞர். ஜிபிஎஸ்ஸை ஏமாற்றும் பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது, ஆனா படத்தில் அவரை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து வீணடித்துவிட்டார்கள். நன்றாகச் செய்யப்படும் ஏமாற்று சிக்னல் சீட்டு வித்தை மாதிரிதான் வேலை செய்யும். முதலில் உண்மையான சிக்னலோடு அச்சு அசலாகப் பொருந்தி, மெலிதாக வரும். ரிசீவருக்கு வித்தியாசமே தெரியாது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் கூடும். ரிசீவர் பொய்யைப் பிடித்துக்கொண்டு உண்மையை விட்டுவிடும். அதன் பிறகு பொய் மெல்ல நகரும். ஒரு மைக்ரோசெகண்ட் தள்ளினால் தூரக் கணக்கில் 300 மீட்டர் பிழை. எந்த இடத்திலும் திடீர்த் தாவல் கிடையாது, அதனால் எந்த மணியும் அடிக்காது.

இதை நிஜமாகவே கடலில் செய்து காட்டினார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாட் ஹம்ப்ரீஸும் அவர் மாணவர்களும் 2013 கோடையில் 'ஒயிட் ரோஸ் ஆஃப் டிராக்ஸ்' என்ற 65 மீட்டர் உல்லாசக் கப்பலில், உரிமையாளர் தரப்பின் அனுமதியோடு, மொனாக்கோவிலிருந்து ரோட்ஸ் தீவுக்குப் போகும் வழியில் சோதித்தார்கள். கருவி ஒரு பிரீஃப்கேஸ் அளவு. மேல்தளத்தில் நின்று கப்பலின் ஆன்டெனாக்களை நோக்கிப் பொய் சிக்னல் அனுப்பினார்கள். பிரிட்ஜில் இருந்த திரை, கப்பல் பாதையிலிருந்து விலகுவதாகக் காட்டியது. மாலுமிகள் கடமை உணர்ச்சியோடு சுக்கானைத் திருப்பிச் 'சரி' செய்தார்கள். திரையில் கப்பல் நேர்கோட்டில் போனது, நிஜத்தில் வேறு பாதையில் போனது. கப்பலைத் தவறான பாதையில் செலுத்தியது தாக்குபவர் இல்லை, கப்பலின் சொந்த மாலுமிகள். இந்த ஒரு விவரம் பாண்ட் படத்தின் மொத்தத் தொழில்நுட்பப் பேச்சைவிடப் பயங்கரமானது என்பது என் கருத்து.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் ஒரு பழக்கமான துர்நாற்றம் அடிக்கிறது. எங்கள் தொழிலில் முதல் பாடம், வெளியிலிருந்து வரும் எந்தத் தரவையும் சோதிக்காமல் நம்பாதே என்பது. ஒரு இணையப் படிவத்தில் பெயர் எழுதும் கட்டத்தைக்கூட நம்ப மாட்டோம். ஆனா காற்றில் வரும் ஒரு சிக்னல் கப்பலின் இடத்தையும் நேரத்தையும் வேகத்தையும் சொன்னால் அப்படியே வாங்கி உள்ளே போட்டுக்கொள்ளும் கருவிகளை உலகம் முழுக்க மாட்டிவைத்திருக்கிறோம்.

படம் வந்த வருஷத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1997இல் பொதுமக்களின் ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே பிழை கலந்துகொண்டிருந்தது ஊடக முதலாளி யாரும் இல்லை, அமெரிக்க ராணுவமே. எதிரிகள் துல்லியமாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்று சிக்னலில் செயற்கையான தடுமாற்றத்தைச் சேர்த்தார்கள். அதனால் சாதாரண ரிசீவரில் 100 மீட்டர் வரை பிழை இருக்கும். 2000 மே மாதம்தான் கிளின்டன் அரசு அதை நிறுத்தியது. கூத்து என்னவென்றால், அதே அமெரிக்காவின் கடலோரக் காவல்படை, கப்பல்கள் அந்தப் பிழையை நீக்கிக்கொள்ளத் திருத்தத் தகவல்களைக் கரையிலிருந்து ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அரசின் ஒரு கை கலப்படம் செய்கிறது, இன்னொரு கை வடிகட்டுகிறது. இதில் ஒரு நல்ல நையாண்டிப் படம் இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

படத்தின் பெரிய ஓட்டை பிரிட்ஜ் காட்சிதான் என்று நினைக்கிறேன். ஒரு போர்க்கப்பல் அந்நியக் கடலில், தலைக்கு மேல் போர் விமானம், எல்லை மீறிவிட்டாய் என்று எச்சரிக்கை. அப்போது கப்பலில் இருப்பவர்கள் செயற்கைக்கோள் காட்டும் இடத்தை உறுதிசெய்துகொண்டு, நாங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறோம் என்று பதில் சொல்கிறார்கள். அவ்வளவுதானா? கடல் எல்லை என்பது கரையிலிருந்து 12 கடல் மைல். அவ்வளவு கிட்டத்தில் கரையோ தீவோ இருந்தால் ரேடாரில் தெரியும். ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் காட்டும் எண்ணை வரைபடத்தோடு ஒப்பிடலாம். கைரோ காம்பஸும் வேகமானியும் வைத்து எங்கே இருக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். இரவில்லாவிட்டால் சூரியன் இருக்கிறது, செக்ஸ்டன்ட் இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையில் இதையெல்லாம் யாரும் செய்ய மாட்டார்களா? படத்தின் உச்சக்கட்டத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? பாண்ட் வைக்கும் குண்டு கார்வரின் கப்பலில் ஓட்டை போடுகிறது, அது ரேடாரில் தெரிய ஆரம்பிக்கிறது, எச்எம்எஸ் பெட்ஃபோர்ட் சுட்டு முடிக்கிறது. கடைசி ரீலில் உலகத்தைக் காப்பாற்றும் ரேடார் முதல் ரீலில் எங்கே போயிருந்தது?

இப்படிக் கேட்டால், "அது சினிமாப்பா, நிஜத்தில் மாலுமிகள் பார்த்திருப்பாங்க" என்பீர்கள். அதான் இல்லை. நிஜத்திலும் பார்க்கவில்லை. இங்கேதான் படத்தின் மேல் எனக்கு உண்மையான வருத்தம்.

படத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், 1995 ஜூன் 9 அன்று 'ராயல் மெஜஸ்டி' என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பியது. உள்ளே 1,509 பேர். கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. வில்லன் இல்லை, என்கோடர் இல்லை, ஒரு கேபிள். சிக்னல் போனதும் ரிசீவர் என்ன செய்தது? நின்றுவிடவில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து, திசையையும் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, தொடர்ந்து அட்சரேகை தீர்க்கரேகை எண்களைக் காட்டிக்கொண்டே இருந்தது. கணக்கில் நீரோட்டமும் காற்றும் இல்லை. திரையின் ஓரத்தில் இரண்டு மூன்று சின்ன எழுத்துகள் மட்டும் நிலைமை மாறிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆரம்பத்தில் ஒரு சின்ன பீப் சத்தம் வந்ததோடு சரி.

என்னைத் தூங்கவிடாமல் செய்த விவரம் அடுத்தது. ரிசீவர் ஆட்டோபைலட்டுக்கு அனுப்பிய ஒவ்வொரு தகவலிலும் 'இந்த இடம் செல்லாது' என்று குறிக்கும் ஒரு பிட் இருந்தது. ரிசீவர் செய்தவர்கள் தரநிலைப்படி அதைச் சரியாகவே வைத்திருந்தார்கள். ஆட்டோபைலட்டின் மென்பொருள் அந்தப் பிட்டைப் படிக்கவே இல்லை. ஜிபிஎஸ் கெட்டுப்போனால் தகவல் வருவது நின்றுவிடும் என்று அதை எழுதியவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் சொல்லிவிட்டது, மறுபக்கம் கேட்கவில்லை. இரண்டு பேரும் தங்கள் வேலையைத் தனித்தனியே சரியாகச் செய்தவர்கள் என்று வாதாடலாம். இப்படிப்பட்ட இடைவெளியை ஒரு தடவையாவது பார்க்காத மென்பொருள்காரர் இருக்க மாட்டார்.

முப்பத்துநான்கு மணி நேரம் கப்பல் அப்படியே போனது. அதிகாரிகள் மணிக்கொரு தடவை ஜிபிஎஸ் காட்டிய இடத்தை வரைபடத்தில் குறித்தார்கள். அதே பிரிட்ஜில் லோரான் ரிசீவர் ஒன்று, தரையிலிருந்து வரும் சிக்னலால் இடம் சொல்லும் கருவி, ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பத்து மைலுக்கு மேல் வித்தியாசம் பல்லிளித்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. வழியில் ஒரு மிதவை தெரிய வேண்டும். அந்த நேரத்தில் ரேடாரில் ஏதோ ஒரு புள்ளி தெரிந்தது, அதையே மிதவை என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மிதவை தெரியவே இல்லை, ஆனா தெரிந்ததாகக் கேப்டனிடம் சொல்லப்பட்டது. மாலையில் பக்கத்திலிருந்த மீன்பிடிப் படகுகள் ரேடியோவில் அந்தக் கப்பலைக் கூப்பிட்டுப் பார்த்தன. பெரிய கப்பல் ஒன்று வரக்கூடாத இடத்தில் வருகிறது என்று மீனவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கப்பலிலிருந்து பதில் இல்லை. ஜூன் 10 இரவு நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் தரைதட்டியது, பாதையிலிருந்து 17 மைல் தள்ளி. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அறிக்கை 1997 ஏப்ரலில் முடிந்தது. பாண்ட் படமும் அதே வருஷம். பாண்ட் படத்தின் முதல் இருபது நிமிஷத்தைவிட நல்ல திரைக்கதை அந்த அறிக்கையில் அரசாங்க நடையில் இருக்கிறது. படத்தில் மாலுமிகள் ஏமாற்றப்பட்டவர்கள், பாவம், அப்பாவிகள். அறிக்கையில் அவர்கள் திறமைசாலிகள், அனுபவசாலிகள், ஒரு நல்ல கருவியை அளவுக்கு மேல் நம்பியவர்கள்.

சிக்னலை முழுசாக அடைப்பதைவிட அரைகுறையாகக் கெடுப்பது ஏன் ஆபத்து என்பதற்கும் கடலிலேயே சான்று உண்டு. 2008இல் பிரிட்டனின் கலங்கரை விளக்க நிர்வாகங்கள் ஃபிளாம்பரோ முனைக்கு அருகே 'போல் ஸ்டார்' என்ற தங்கள் கப்பலை வேண்டுமென்றே ஜிபிஎஸ் இடையூறுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். சக்தி குறைந்த கருவிதான். பலமான இடையூறில் சிக்னல் அடியோடு போனபோது பிரிட்ஜில் ஒன்றன்பின் ஒன்றாக அலாரம் அடித்தது. இடம் காட்டும் கருவி மட்டும் இல்லை, மற்ற கப்பல்களுக்குத் தன் இருப்பைச் சொல்லும் ஏஐஎஸ், அவசர அழைப்புக் கருவி, கைரோவைத் திருத்தும் ஏற்பாடு என்று ஒவ்வொன்றாக விழுந்தன. ஜிபிஎஸ் எங்கெல்லாம் உள்ளே ஓடுகிறது என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது. இடையூறு விளிம்பில், இருந்தும் இல்லாமலும் இருந்த இடத்திலோ, கப்பல் தரைமேல் ஓடுகிற மாதிரி இடங்கள் வந்தன. அதற்கு அலாரமே அடிக்கவில்லை.

சரி, நிஜ உலகத்தில் யார்தான் இதைச் செய்கிறார்கள்? கார்வர் மாதிரி ஆட்களைத் தேடினால் ஏமாற்றம்தான். நியூயார்க் பக்கத்து நியூவர்க் விமான நிலையத்தில், விமானம் இறங்க உதவும் ஜிபிஎஸ் ஏற்பாடு அடிக்கடி தடுமாறியது. 2012இல் ஒரு லாரி டிரைவரைப் பிடித்தார்கள். முதலாளி தன் வண்டியைக் கண்காணிக்கக் கூடாது என்று சிகரெட் லைட்டரில் செருகும் ஒரு சின்ன ஜாமரை மாட்டியிருந்தார். விமான நிலையத்தை ஒட்டிய சாலையில் போகும்போதெல்லாம் அது தன் வேலையைக் காட்டியது. அடுத்த வருஷம் அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 32,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. 2016இல் போக்கிமான் கோ விளையாட வீட்டிலிருந்தபடியே ஊர் சுற்ற ஆசைப்பட்டவர்கள், கடையில் கிடைக்கும் ரேடியோ பலகையையும் இலவச மென்பொருளையும் வைத்துத் தங்கள் போனையே ஏமாற்றினார்கள்.

அரசுகள் செய்வதும் உண்டு, பெரிய அளவில். 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்கு அருகே குறைந்தது இருபது கப்பல்கள் கெலென்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகத் தங்கள் திரையில் கண்டன. சி4ஏடிஎஸ் என்ற ஆய்வு அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை, ரஷ்யா, கிரிமியா, சிரியா பகுதிகளில் 1,311 கப்பல்களைப் பாதித்த 9,883 சம்பவங்களைக் கணக்கிட்டது. இதில் எந்தக் கப்பலையும் யாரும் குறிவைத்ததாகத் தெரியவில்லை. முக்கியத் தலைவர்கள், முக்கிய இடங்கள் மேல் டிரோன் பறக்கக் கூடாது என்பது நோக்கமாக இருக்கலாம். பல டிரோன்கள் விமான நிலையம் என்றால் பறக்க மறுக்கும்படி செய்யப்பட்டவை, அதனால் 'நீ விமான நிலையத்தில் இருக்கிறாய்' என்று ஊருக்கே சொல்லிவிடுவது. கப்பல்கள் நடுவில் மாட்டிக்கொண்ட வழிப்போக்கர்கள்.

2023 செப்டம்பரில் ஈராக், ஈரான் பகுதியில் பறந்த விமானங்களுக்கு இதுவே நடந்தது. ஒரு எம்ப்ரேயர் ஜெட், அனுமதி இல்லாமல் ஈரான் வான்வெளிக்குள் கிட்டத்தட்ட நுழைந்துவிடும் அளவுக்குத் திசைமாறிப் போனது. பாண்ட் படக் கதை நிஜத்தில் நடந்ததற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது. விமானங்களில் ஜிபிஎஸ் போனாலும் கைகொடுக்க வேண்டியது ஜடத்துவ வழிகாட்டி, வெளியே எதையும் கேட்காமல் தன் அசைவை மட்டும் அளந்து இடம் சொல்லும் கருவி. ஆனா பல விமானங்களில் அதன் பிழையை அவ்வப்போது ஜிபிஎஸ்ஸை வைத்தே திருத்தும்படி அமைத்திருக்கிறார்கள். பொய் ஜிபிஎஸ் வந்தபோது சாட்சியும் கெட்டது. நம் நாட்டிலும் 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதியில், பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம், 465 ஜிபிஎஸ் இடையூறுச் சம்பவங்கள் பதிவானதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

இந்த 465 செய்தியாக வந்தபோது, "நம்ம நாவிக் இருக்கும்போது அமெரிக்க ஜிபிஎஸ்ஸை ஏன் நம்பணும்?" என்றுதான் பலரும் கேட்டார்கள். பூட்டு சாவித் தர்க்கம் இங்கேதான் காசுக் கணக்காக மாறுகிறது. சாவி அடுத்தவன் கையில் இருப்பதுதான் பிரச்சினை என்று நம்பினால், சொந்தச் சாவி செய்துகொள்வதுதான் தீர்வாகத் தோன்றும். நாவிக் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அடுத்த நாடு ஒருநாள் சேவையை மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அது பதில். கீழேயிருந்து ஒருவன் இரைச்சல் போட்டால் என்ன செய்வது என்பது வேறு கேள்வி. நாவிக் செயற்கைக்கோள்கள் இன்னும் உயரத்தில், சுமார் 36,000 கிலோமீட்டரில் இருக்கின்றன. அந்த சிக்னலும் மெலிந்துதான் வந்து சேர்கிறது. கூடுதல் அலைவரிசை இருப்பது உதவும், தாக்குபவனுக்கு வேலை கூடும். அவ்வளவே.

ஐரோப்பாவின் கலிலியோ அமைப்பு 2025 ஜூலையிலிருந்து தன் செய்தியில் டிஜிட்டல் சான்றைச் சேர்த்து அனுப்புகிறது. இது உண்மையிலேயே நல்ல விஷயம், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க உதவும். ஆனா சத்தம் போட்டு அடைப்பவனை எந்தச் சான்றும் தடுக்காது. தரையிலிருந்து பலமான சிக்னல் அனுப்பும் லோரான், ராயல் மெஜஸ்டியில் யாரும் திரும்பிப் பார்க்காத அதே லோரான், அமெரிக்காவில் செலவு மிச்சம் என்று 2010இல் மூடப்பட்டது. தென் கொரியா விடவில்லை. வட கொரியாவின் இடையூறால் 2016இல் நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் கரை திரும்ப வேண்டியிருந்த நாடு அது, அங்கே லோரானைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது.

வேலைக்கு ஆகும் தீர்வு எப்படி இருக்கும் என்பதற்கு எஸ்டோனியாவின் டார்ட்டு நகரத்தைப் பார்க்கலாம். அந்தச் சின்ன விமான நிலையத்தில் விமானம் இறங்கும் முறை ஜிபிஎஸ்ஸை நம்பியிருந்தது. 2024 ஏப்ரல் கடைசியில், அடுத்தடுத்த இரண்டு நாளில், ஹெல்சிங்கியிலிருந்து வந்த ஃபின்ஏர் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போயின. ஃபின்ஏர் மே மாதம் முழுக்க அங்கே பறப்பதை நிறுத்தியது. அந்த ஒரு மாதத்தில் யாரும் யாரையும் துரத்தவில்லை. தரையிலுள்ள ரேடியோக் கருவிகளை வைத்து இறங்கும் முறை ஒன்றை வகுத்தார்கள். ஜூனில் விமானங்கள் மறுபடி வந்தன.